தூக்காதிருக்கும் பயிற்சி

மனித குலத்தின் வரலாற்றில் குறித்துவைக்கத் தக்க நாட்கள் சில உண்டு. நெருப்பை மூட்டிய நாள் ஒன்று. சக்கரம் உருண்ட நாள் ஒன்று. சென்ற ஜூன் மாதம் பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி இரண்டாம் கட்டத்தில், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில், ஏசி இருபத்திரண்டில் வைக்கப்பட்ட அரங்கில், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் மண்ணில் விளையாடலாம் என்று முறைப்படி அறிவிக்கப்பட்டதே, அந்த நாளும் அவற்றில் ஒன்று.

அதற்கு முன்பு குழந்தைகள் மண்ணில் விளையாடவில்லையா என்றால், விளையாடினார்கள்தான். ஆனால் முறையில்லாமல் விளையாடினார்கள். யாரும் மதிப்பிடவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. விளையாடி முடித்ததும் காலைக் கழுவிக்கொண்டு சோறு தின்னப் போய்விட்டார்கள். இந்தச் சீர்கேட்டுக்கு முடிவு கட்டத்தான் 'வனாங்குரா வனவழிக் கல்வி மையம்' தோன்றியது.

மையத்துக்கு வனம் ஒன்று இருந்தது. இரண்டு அபார்ட்மெண்ட் கோபுரங்களுக்கு நடுவே, வழக்கில் மாட்டிக்கொண்டு பத்து வருஷமாகச் சும்மா கிடந்த முக்கால் ஏக்கர். அதில் முப்பத்தொரு மரங்கள். இருபத்தேழு தைலமரம், மூன்று புங்கை, ஒரு தூங்குமூஞ்சி. வடக்கே மேம்பாலத்து லாரிச் சத்தம், மேற்கே ஒரு டிரான்ஸ்பார்மர். பயிற்சிக் கையேட்டில் இதற்கு 'ஆதிவனம்' என்று பெயர்.

தனலக்ஷ்மி அந்த அரங்கின் கடைசி வரிசையில், ஏசிக்கு நேர் கீழே, புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தாறு. பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில். சுரங்கத்தை மூடியதும் ஊரில் பாதிப் பேர் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோக ஆரம்பித்தார்கள். அவள் புருஷனோடு பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடிக்கே குடிவந்துவிட்டாள். புருஷன் போய்ச்சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. மகள் யாமினி கல்யாணமாகி புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். பதினோரு நிமிஷம் பேசுவாள்.

அவள் குடியிருந்த கட்டடத்தில் மற்ற அறைகளெல்லாம் பி.ஜி. விடுதி. காதில் எதையோ செருகிக்கொண்டு கம்பெனி காரில் ஏறிப் போகிற பிள்ளைகள். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவார்கள். நல்ல பிள்ளைகள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் திங்கட்கிழமை காலைவரை, மகளின் போன் நீங்கலாக, அவள் வாய்திறந்து பேசுவது பால்கடையில் மட்டும்தான். "அரை லிட்டர் நீலம்." கடைக்காரருக்குப் பழகிப்போனதால் சமீபகாலமாக அதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் தலையைக் கண்டதுமே நீலப் பாக்கெட்டை எடுத்து நீட்டிவிடுவார்.

மிச்சப் பேச்சு முழுவதையும் அவள் ஒரு ப்ளே ஸ்கூலில் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமாக அங்கே ஆயா. மூக்கைத் துடைப்பது, சோறு ஊட்டுவது, விழுந்ததைத் தூக்குவது, அழுததை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நாலு நடை நடப்பது. இப்போது அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது இளவேனில் என்ற மூன்றரை வயதுக் குழந்தை. அப்பா அம்மா ஈரோட்டுப் பக்கம். இரண்டு பேரும் கம்பெனி வேலை. காலை எட்டரைக்கு விட்டால் மாலை ஆறுக்குத்தான் வருவார்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு பழக்கம். ஸ்கூலில் ஒன்றுக்கு வந்தால், தனலக்ஷ்மி கூட வர வேண்டும். வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஒன்று இரண்டு மூன்று என்று சத்தமாக எண்ண வேண்டும். எண்ணினால்தான் வரும். வேறு யார் எண்ணினாலும் வராது. வந்து முடிந்த பிறகும் "இன்னும் எண்ணு தனா" என்னும். சில நாள் எண்பதுவரைகூடப் போயிருக்கிறது.

அந்த ப்ளே ஸ்கூலை வனாங்குரா வாங்கிவிட்டது. முதல் வேலையாக ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஆயா என்ற இழிவான சொல் இன்றுடன் ஒழிக்கப்படுகிறது.' தனலக்ஷ்மிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள்தான், சொல்லோடு சேர்த்து வேலையையும் ஒழித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. இனிமேல் பத்து நாள் பயிற்சியில் தேறி, 'வனத் துணையாளர்' சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமே குழந்தைகளின் அருகே போகலாம். தேறாவிட்டால், இளவேனிலுக்கு யார் எண்ணுவது? அதைவிட, எண்பதுவரை எண்ணச் சொல்லித் தன்னை யார் கேட்பார்கள்? இந்த இரண்டாவது கேள்வியை அவள் வெளியே சொல்லவில்லை. சொல்வதற்கும் ஆள் இல்லை.

மேடையில் மையத்தின் நிறுவனர் சீனிவாசராகவன் எழுந்தார். கதர் ஜிப்பா, வெறுங்கால். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் உதவியாளர் ஓரமாக நின்றார்.

"பதினெட்டு வருஷம் நான் சாஃப்ட்வேர் கம்பெனியில வைஸ் பிரசிடெண்டா இருந்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு இலை விழுந்தது. ஒரே ஒரு இலை. அன்னிக்கே ரிசைன் பண்ணிட்டேன்."

அந்த இலை விழுந்த தேதியும் அவருடைய கம்பெனிப் பங்குகள் கைக்கு வந்த தேதியும் ஒன்றாக அமைந்தது இயற்கையின் செயல்.

"நேச்சர் நமக்கு எவ்வளவோ குடுக்குது. ஒத்துக்கறேன். ஆனா அதுல ஒரு ஸ்டாண்டர்ட் கிடையாது. ஒரு மரம் மாதிரி இன்னொரு மரம் இல்லை. ஒருநாள் மழை, ஒருநாள் வெயில். இதை நம்பிக் குழந்தையை எப்படி அனுப்பறது? நான் ரிசர்ச் பண்ணிப் பார்த்தேன். குழந்தைக்கும் மண்ணுக்கும் நடுவுல இதுவரைக்கும் யாருமே இல்லை! ஷாக் ஆயிட்டேன். அந்த இடம் காலியா கிடந்தது. இனிமே அங்க நாம நிப்போம்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டக் கூடாது, விரல்களை மட்டும் இலைபோல அசைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் வீணா சொன்னார். எல்லோரும் அசைத்தார்கள்.

பயிற்சிக்கு வந்தவர்கள் பதினோரு பேர். தனலக்ஷ்மியைத் தவிர எல்லோரும் பட்டதாரிகள். பக்கத்து நாற்காலியில் தீபிகா. பி.ஈ. படித்து, ஐ.டி. வேலையில் ராத்தூக்கம் போய், மனசு ஆறட்டும் என்று காட்டுக்கு வந்தவள். கையேடு இருநூற்றுப் பதினாலு பக்கம், இங்கிலீஷ். தனலக்ஷ்மி எழுத்துக்கூட்டிப் படிப்பாள். பக்கங்களைப் புரட்டிவிட்டு முதல் நாளே கையைத் தூக்கினாள்.

"மேடம், காட்டுல பாத்ரூம் எங்க கீது? பிள்ளைங்களுக்கு ஒன்னுக்கு வந்தா இன்னா பண்றது?"

வீணா புன்னகை செய்தார். அவர் ஜெயநகர்க்காரர். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து, மூன்றிலும் மெதுவாகப் பேசுவார்.

"ஸ்வல்ப பொறுங்க தனலக்ஷ்மி. அது லெவல் த்ரீ. நாம இப்ப லெவல் ஒன்."

முதல் இரண்டு நாள் மண். மண் கூரியரில் வந்தது. கால் கிலோ பாக்கெட்டுகள். வேகவைத்து, சலித்து, கிருமி இல்லை என்று ஆய்வகச் சீட்டு ஒட்டிய மண். கையுறை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்து, அது தங்களுக்குள் என்ன உணர்வை எழுப்புகிறது என்று சொல்ல வேண்டும். தீபிகா அழுதாள். இன்னொருவர் தன் முற்பிறவி தெரிவதாகச் சொன்னார். தனலக்ஷ்மியின் முறை வந்தது.

"நாங்கள்லாம் சின்னப்பிள்ளைல சயனைட் மேட்டுல சறுக்குவோம் மேடம். தங்கம் எடுத்துட்டு மிச்ச மண்ணைக் கொட்டி வெச்சிருப்பாங்களே, மலை மாதிரி. தகரத்தைப் போட்டு மேலேருந்து குந்தினா சர்ர்ருன்னு கீழ வந்துருவோம். வாயெல்லாம் மண்ணுதான்."

வீணா தன் குறிப்பேட்டில் எதையோ எழுதினார். இடைவேளையில் தனியே கூப்பிட்டு, இந்த அனுபவத்தைப் பெற்றோர்கள் முன்னால் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாள் குச்சி. எந்தக் குச்சியும் குழந்தையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உள்ள நீளத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு குச்சிக்கும் ஆபத்துப் படிவம் ஒன்று, பயன் படிவம் ஒன்று. குச்சிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண் கொடுத்து, மாலையில் எண்ணிப் பூட்ட வேண்டும். நாற்பத்திரண்டாம் எண் குச்சி காணாமல் போய் ஒரு மத்தியானம் முழுக்க விசாரணை நடந்தது. வாட்ச்மேன் ஆரோக்கியசாமி அதை வைத்துப் பல் குத்திக்கொண்டிருந்தது கடைசியில் தெரியவந்தது.

ஆரோக்கியசாமியும் தங்கவயல்காரர்தான். மாரிகுப்பம் பக்கம். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். ஆதிவனத்தின் கேட்டில் நீல யூனிபார்ம் போட்டு உட்கார்ந்திருப்பார்.

"இன்னாமா, குச்சிக்கெல்லாம் நம்பர் போட்டுகினு கீறாங்க? எறும்புக்கு எப்போ ஆதார் எடுப்பாங்க?" என்றார் தனலக்ஷ்மியிடம்.

"நாளைக்கு எறும்புதான்ணே" என்றாள் அவள். அது நிஜம். ஐந்தாம் நாள் எறும்பு. குழந்தையின் மேல் எறும்பு ஏறினால் தட்டிவிடக் கூடாது. 'இந்த எறும்பு உனக்கு என்ன சொல்ல வருகிறது?' என்று குழந்தையைக் கேட்க வேண்டும். ஒத்திகையின்போது வீணாவின் புறங்கையில் ஒரு கட்டெறும்பு தான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போனது. அன்றைய வகுப்பு சீக்கிரம் முடிந்தது.

இதிலெல்லாம் தனலக்ஷ்மி தட்டுத்தடுமாறிக் கரையேறிவிட்டாள். அவளைக் கவிழ்த்தது ஆறாம் நாள் பாடம். அதன் பெயர் 'தூக்காதிருத்தல்'.

குழந்தை விழுந்தால், துணையாளர் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். தாழ்ந்த குரலில், 'நீ விழுந்ததை நான் கவனிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தூக்கினால் குழந்தைக்கும் பூமிக்கும் நடக்கும் உரையாடல் அறுந்துவிடுகிறது.

குழந்தைகளை இன்னும் வனத்துக்குள் விடவில்லை என்பதால் பயிற்சிக்கு வந்தவர்களே ஒருவர் மாற்றி ஒருவர் குழந்தையாக நடித்தார்கள். பத்து நாளில் அவர்கள் ஒரு குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தீபிகா நாலு வயதுக் குழந்தை. ஓடிவந்து புங்கைமரத்து வேர் தடுக்கி விழுந்தாள். நன்றாகவே விழுந்தாள். தனலக்ஷ்மி இரண்டு மீட்டரில் நின்றாள், கைகளைப் பின்னால் கட்டினாள், வாயைத் திறந்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. தெரிந்தபோது ஐம்பத்தாறு கிலோ தீபிகா அவள் இடுப்பில் இருந்தாள்.

"தனலக்ஷ்மி! இறக்கி விடுங்க!" என்றார் வீணா.

தனலக்ஷ்மி இறக்கத்தான் பார்த்தாள். தீபிகா இறங்கவில்லை. தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் இப்படியே இருங்கக்கா" என்றாள் மெல்ல.

மூன்று தடவை வாய்ப்புக் கொடுத்தார்கள். முதல் இரண்டு தடவையும் தூக்கினாள். கடைசித் தடவை வீணாவே அவள் கைகளைப் பின்னால் பிடித்துக்கொண்டார். அப்போது காலை நீட்டி, விழுகிறவளுக்கு முட்டுக்கொடுத்தாள். நூற்றுக்கு ஏழு மதிப்பெண். தீபிகா தூக்காதிருத்தலில் தொண்ணூற்றெட்டு வாங்கினாள்.

"ஒரே ஒரு பாடம்தான் பாக்கி" என்றார் வீணா, அனுதாபத்தோடு. "அதுல நல்ல மார்க் வந்தா பார்க்கலாம். இல்லேன்னா சாரி."

அன்று ராத்திரி தனலக்ஷ்மி ஒருத்திக்கு வடித்த சோற்றைத் தட்டில் போட்டுவைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து, "நீ விழுந்ததை நான் கவனிக்கிறேன்" என்று இருபது தடவை சொல்லிப் பார்த்தாள். அந்த அறையில் அப்படிச் சத்தமாகப் பேச்சு கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அவளுக்கே திடுக்கென்றது.

பாக்கியிருந்த பாடம் 'வன ஏகாந்தம்'. இது மையத்தின் மணிமகுடம். ஆளுக்கு ஒரு மரம். அதன் அடியில் நாற்பது நிமிஷம் தனியாக உட்கார வேண்டும். போன் கூடாது, பேச்சு கூடாது, யாரையும் பார்க்கக் கூடாது. 'இந்தக் காலத்து மனிதனால் தாங்கவே முடியாத அனுபவம்' என்று கையேடு எச்சரித்தது. உள்ளம் உடைந்துபோகிறவர்களுக்காகக் கேட்டருகே ஒரு கவுன்சிலரை நிறுத்தியிருந்தார்கள்.

தனலக்ஷ்மிக்குத் தூங்குமூஞ்சி மரம் வாய்த்தது. விசில் ஊதினார்கள்.

ஆறாவது நிமிஷம் ஒருவர் எழுந்து ஓடிவந்து போனைக் கேட்டார். பதினோராவது நிமிஷம் தீபிகா. பத்தொன்பதில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வழிகாட்டியாக உட்கார்ந்துகாட்ட வேண்டிய வீணா, நாலாவது நிமிஷமே முக்கியமான அழைப்பு வந்து போய்விட்டிருந்தார். இருபத்தாறில் கவுன்சிலர் தனக்குப் படபடப்பாக இருப்பதாகச் சொன்னார். எல்லோரையும் மேலே அழைத்துப்போய் இஞ்சி டீ கொடுத்து, அனுபவத்தைப் பகிரச் சொல்லி, குரூப் போட்டோ எடுத்து, மத்தியானச் சாப்பாட்டையும் முடித்தார்கள்.

தனலக்ஷ்மி என்று ஒருத்தி உண்டு என்பது யாருக்கும் நினைவு வரவில்லை.

அவள் உட்கார்ந்திருந்தாள். மரத்துக்கு மேலே காக்கை இரண்டு கத்தின. மேம்பாலத்தில் லாரி போயிற்று. முடிந்தால் கூப்பிடுவார்கள் என்று இருந்தாள். வீட்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு பார்த்தால் இது ஒன்றும் மோசமில்லை, மரம் இருக்கிறது, காற்று வருகிறது என்று நினைத்தாள். இளவேனில் இப்போது தூங்கி எழுந்திருக்கும். எழுந்ததும் முதல் வேலையாகப் பாத்ரூம். யார் எண்ணுவார்கள்? இவள் உதடு அசையாமல் முப்பதுவரை எண்ணிப் பார்த்தாள்.

மூணேகால் மணி நேரம் கழித்து ஆரோக்கியசாமி ரோந்து வந்தார்.

"யம்மா! இன்னும் இங்கயே கீறியா? எல்லாரும் துன்னுட்டுப் பூட்டாங்களே!"

"விசில் ஊதலையேண்ணே."

"எவனும் தேடி வரலயா?"

"யார் வருவா?" என்றாள் அவள், சாதாரணமாக.

செய்தி நாலாவது மாடிக்குப் போனதும் பூகம்பம். சீனிவாசராகவனே வெறுங்காலோடு இறங்கி வந்தார், லிஃப்டில். தனலக்ஷ்மியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"மூணேகால் மணி நேரம்! நான் இமயமலையில ஒன்பது நாள் கேம்ப் போனேன். பன்னிரண்டு நிமிஷம்தான் வந்தது. எப்படிச் செஞ்சீங்க? என்ன டெக்னிக்?"

"டெக்னிக்லாம் இன்னா சார். சும்மா குந்தினு இருந்தேன். வீட்டுலயும் அப்படித்தான்."

சீனிவாசராகவன் கண்ணை மூடினார். "வீட்டிலும் அப்படித்தான்" என்று முணுமுணுத்தார். "வீட்டிலும்... அப்படித்தான். வீணா, எழுதிக்கோங்க. வீடுன்னா இங்க உடம்பு. பிரபஞ்சம்." ஒரு வாரத்துக்குள் அந்த வாசகம் மரப்பலகையில் செதுக்கப்பட்டு அரங்கின் முகப்பில் ஏறிவிட்டது. கீழே 'தனலக்ஷ்மி ஜி' என்று போட்டிருந்தது.

பட்டமளிப்பன்று முடிவை அறிவித்தார்கள். தூக்காதிருத்தலில் ஏழு, ஏகாந்தத்தில் நூற்றுக்கு நூற்றுப் பத்து. இப்படிப்பட்ட ஆத்மாவை மூக்குத் துடைக்கிற வேலையில் வீணடிப்பது பாவம் என்று நிர்வாகக் குழு கருதியது. ஆகவே அவளுக்காகவே ஒரு பதவி உருவாக்கப்பட்டது. 'மூத்த ஏகாந்த வழிகாட்டி'. பழைய சம்பளத்தைவிடக் கூட. பச்சைச் சால்வை, கோரைப்பாய். காலை ஒன்பதரையிலிருந்து நாலரைவரை தூங்குமூஞ்சி மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் பதினைந்தடிக்குக் கயிறு.

"சார், பிள்ளைங்க?" என்று கேட்டாள் தனலக்ஷ்மி.

"பிள்ளைங்க உங்களைப் பார்ப்பாங்க" என்றார் சீனிவாசராகவன். "கயித்துக்கு வெளிய நின்னு. பேசாம. அதுதான் எஜுகேஷன்."

"நான் அவங்களைப் பாக்கலாமா?"

வீணா கையேட்டைப் புரட்டினார். "நேரா பார்க்கக் கூடாது. கண் பாதி மூடியிருக்கணும். கடைக்கண்ல பட்டா பரவாயில்ல."

இப்படியாக, ஊரில் நூற்றுக்கணக்கான பேர் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலைக்கு முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவள் என்ற பெருமை தனலக்ஷ்மிக்குக் கிடைத்தது. கூடுதல் சம்பளத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒருநாள் விலை கூடிய பச்சைப் பாக்கெட் பால் வாங்கலாம் என்று நினைத்துப் போனாள். கடைக்காரர் வழக்கம்போல நீலத்தை நீட்டிவிட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஜூலை பதினாலாம் தேதி 'வனப் பிரவேசம்'. பதினாலு குழந்தைகள் பச்சை ஜாக்கெட்டும் முழங்கால் கவசமும் போட்டு, ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். பின்னால் பெற்றோர்கள், போனை உயர்த்தியபடி. சான்றிதழ் பெற்ற துணையாளர்கள் தலா இரண்டு மீட்டர் தள்ளி நடந்தார்கள். முதல் நிகழ்ச்சியே மூத்த ஏகாந்த வழிகாட்டியின் தரிசனம்.

தனலக்ஷ்மி கண்ணைப் பாதி மூடியிருந்தாள். கடைக்கண்ணில் ஐந்தாவதாக நின்ற ஜாக்கெட் பட்டது. ஒரு மாசமாகப் பார்க்காத முகம். ஒரு பல் விழுந்தாற்போல... இல்லை, கீரை ஒட்டியிருந்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றார் சீனிவாசராகவன். "ரெண்டு நிமிஷம். வனத்துக்கு நன்றி சொல்லுங்க."

பெரியவர்கள் அத்தனை பேரும் மூடினார்கள். குழந்தைகள் மூடவில்லை.

"தனா!"

இளவேனில் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்தது. மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிறு அதன் முழங்காலளவு. தடுக்கி, குப்புற விழுந்தது. சத்தம் கேட்டுத் தீபிகா கண்ணைத் திறந்தாள். இரண்டு மீட்டரில் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டினாள்.

"நீ விழுந்ததை நான் கவனிக்கிறேன்" என்றாள். அவள் குரல் சரியாக இல்லை.

குழந்தை அழவில்லை. எழுந்து நின்று, இரண்டு முழங்காலையும் ஒன்றோடொன்று இறுக்கிக்கொண்டு தனலக்ஷ்மியைப் பார்த்தது. பிள்ளைகளின் அந்தப் பார்வையை அவள் ஒன்பது வருஷமாக அறிவாள். அந்த முழங்காலையும் அறிவாள். எழுந்தால் பதவி போகும் என்பதும், அதோடு கடைக்கண்ணும் போய்விடும் என்பதும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பச்சைச் சால்வை பாயில் விழுந்தது. மூன்றே எட்டு. இடுப்பில் தூக்கிக்கொண்டு மரத்தின் பின்பக்கம் போய் இறக்கிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தீபிகா எதையும் பார்க்காதவள்போலத் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

இரண்டு நிமிஷம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்தபோது பாய் காலியாக இருந்தது. மரத்தின் உள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் நிதானமாகக் கேட்டது.

"பதினேழு. பதினெட்டு. பத்தொம்போது."

பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். சீனிவாசராகவன் கையை உயர்த்தி அடக்கினார்.

"ஷ்... யாரும் அசையாதீங்க" என்றார், குரல் தழுதழுக்க. "மரத்தோட வயசை எண்ணறாங்க."

எல்லோரும் போனில் பதிவு செய்தார்கள். முப்பதில் வேலை முடிந்துவிட்டது. தனலக்ஷ்மி நிறுத்தினாள்.

"இன்னும் எண்ணு தனா" என்றது குழந்தை, அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு.

அவள் எண்ணினாள். அறுபது ஆயிற்று. எண்பது ஆயிற்று. இதற்கு முன் போகாத தூரமெல்லாம் போனாள். நூற்றுப் பன்னிரண்டில் வீணா வந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனார், தொடாமல்.

சீனிவாசராகவன் மரத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். வேரடி மண் ஈரமாக இருந்தது. ஐந்து நாளாக மழை இல்லை. அவர் மெல்ல மண்டியிட்டு, விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"வனம் சுரந்திருக்கு" என்றார். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்.

பெற்றோர்கள் வரிசையில் நின்றார்கள்.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. குற்றச்சாட்டு இரண்டு. ஏகாந்தத்தைக் கைவிட்டது, குழந்தையைத் தூக்கியது.

"சார், அந்தப் பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தாள் தனலக்ஷ்மி.

சீனிவாசராகவன் கையை உயர்த்தினார். "வேண்டாம். நேத்து அங்க நடந்ததை வார்த்தையால சின்னதாக்கிடாதீங்க."

"இல்ல சார், அதுக்கு வந்து..."

"ப்ளீஸ்."

தீர்ப்பு அன்பாகத்தான் இருந்தது. வனமே பேச ஆரம்பித்துவிட்டதால் இனி வழிகாட்டி தேவையில்லை. பதவி நிறைவு பெற்றுவிட்டது. வழிகாட்டிக்குத் தூக்கும் வழக்கம் இருப்பதால் குழந்தைகள் இருக்கும் இடத்திலும் அவளை வைக்க முடியாது. சான்றிதழை மட்டும் அவள் வைத்துக்கொள்ளலாம். கயிற்றை அவிழ்த்து, மரத்தின் பின்பக்கத்து ஈரத்தைச் சுற்றிக் கட்டினார்கள்.

புதன்கிழமை சால்வையைத் திருப்பிக் கொடுக்க அவள் போனபோது ஆரோக்கியசாமி கேட்டில் இருந்தார். உள்ளே விட அனுமதி இல்லை. சால்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஈரோட்டுப் பாப்பா ரெண்டு நாளா வரலைமா. இத்தினி நாளும் ஸ்கூல்ல நாள் பூரா அடக்கிகினே இருந்துச்சாம். டாக்டராண்ட கூட்டினு போயிருக்காங்க."

தனலக்ஷ்மி கேட்டுக் கம்பி வழியே தூங்குமூஞ்சி மரத்தைப் பார்த்தாள்.

"குந்திட்டுப் போயேன்" என்றார் அவர், தன் ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்து.

"குந்தி குந்திதான்ணே இவ்ளோ தூரம் வந்துச்சு" என்றாள்.

சனிக்கிழமை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறும். யாமினி போன் செய்தாள். "வேலையெல்லாம் எப்படிம்மா போவுது?" என்றாள். "போவுது" என்றாள் தனலக்ஷ்மி. பதினோரு நிமிஷம் ஆயிற்று.

ஆகஸ்டில் வனாங்குரா தன் ஆய்வறிக்கையை வெளியிட்டது. நாற்பத்திரண்டு பக்கம், வழவழப்பான தாள், அட்டையில் தூங்குமூஞ்சி மரம். 'ஒரு மூன்றரை வயதுக் குழந்தை விருட்சத்தை நோக்கி ஏன் ஓடியது?' என்பது தலைப்பு. ஆதிநினைவு, வேர்களின் அழைப்பு, பூமியின் காந்தம், நகர வாழ்வின் மீதான மௌனக் கலகம் என்று நாலு காரணங்களை ஆராய்ந்து, நாலுமே சரி என்று முடித்திருந்தார்கள். வெளியீட்டு விழாவில் எல்லோரும் விரல்களை இலைபோல அசைத்தார்கள்.

குழந்தைக்கு ஒன்றுக்கு வந்திருந்தது.